நாற்பத்து மூணாம் பக்கத்தில் அத்தை பேர்

மட்டாஞ்சேரி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அமுதவள்ளிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகமா இருக்கோம், உன் அத்தைக்கு மட்டும் சுகம் கொஞ்சம் கூடிப்போச்சு, ஏன்னு கீழே சொல்றேன். ஹெல்சிங்கி குளிரில் உனக்குத் தொண்டைக்கட்டு விட்டிருக்கும்னு நம்புறேன். தமிழ் உனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், நிதானமா ரெண்டு தடவை வாசி. போனில் பேசலாம்னா அத்தை பக்கத்திலேயே நிக்கிறாங்க, அதனாலதான் இந்தக் கடுதாசி.

மூக்கும் மூளையும் பத்தின உன் ஆராய்ச்சியில், குடோனில் சுக்கைத் தரம் பிரிச்சுப் பொறுக்குறவங்களுக்கு ஒரு மணி நேரத்தில் மூக்கு மரத்துப்போகும், பூசணம் பிடிச்ச சுக்கு வந்தாலும் வாடை தெரியாது, முழங்கை மடிப்பை ஒரு தடவை மோந்துட்டா மறுபடி தெரியும்னு எழுதினியே, அதுக்கு ஆதாரம் காட்டாட்டா அந்தப் பகுதியையே வெட்டணும்னு உன் ஆராய்ச்சியைப் பார்க்கிற மேடம் சொன்னதாச் சொல்லி அழுதே. அம்மா சொன்னாங்கன்னு போட்டா போதாதாமே. எனக்குக் கோபம்தான் வந்துச்சு, இத்தனை வருஷம் குடோனில் கிடந்த மூக்குக்கு யார் வந்து சாட்சி சொல்லணும்? ஆனா நீ அழுதா எனக்குச் சோறு இறங்காது. பல வருஷம் முன்னே கண்ணாடி போட்ட சார் ஒருத்தர் குடோனுக்கு வந்து எங்ககிட்ட எல்லாம் கேட்டு நோட்டில் எழுதிட்டுப் போனது ஞாபகம் வந்துச்சு. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. ரெண்டு வாரத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை எறணாகுளம் லைப்ரரிக்குப் போயிட்டேன். அங்கே வேலை பார்க்கிற ஹிஸானா தங்கமான பிள்ளை. முதல்ல ஒரு சாயா வாங்கிக் கொடுத்துச்சு. கம்ப்யூட்டரில் மணம், மூக்கு, சுக்குன்னு இங்கிலீஷில் என்னென்னவோ போட்டுத் தேடிச்சு, ஒண்ணும் வரலை. அப்புறம் வாசனையைப் பத்தின ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து, அதுக்குக் கடைசியில் இருக்கிற பட்டியலில் விரல் வச்சு ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டே வந்து, இதுவா இருக்குமா சேச்சின்னு கேட்டுச்சு. அடி அலமாரியில் ஒல்லியா ஒரு இங்கிலீஷ் அறிக்கை. நாற்பத்து மூணாம் பக்கத்தில் சுக்கு குடோன், முழங்கை மடிப்பு, எல்லாம் அச்சில். அந்தப் பிள்ளை மலையாளத்தில் சொல்லச் சொல்ல நான் அங்கேயே கண்ணைத் துடைச்சேன். எழுதினவர் பேர், வருஷம், தலைப்பு, பக்கம், நாலும் தெளிவாத் தெரியணும்னு பார்த்துப் பார்த்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பி வச்சுச்சு. மேடம் ஏத்துக்கிட்டாங்கன்னு நீ சொன்ன அன்னிக்கு வீட்டில் பாயசம்.

இனிமேத்தான் விஷயம். இதைச் சொன்னது பாக்கியலக்ஷ்மிங்கிற தொழிலாளின்னு அத்தை பேரைத்தான் அதில் போட்டிருக்கு, நீயும் போனில் அத்தையை வாழ்த்திட்டே. அவங்க தோப்பும்படி சந்தை மீன்காரர் வரைக்கும் சொல்லியாச்சு. ஆனா அந்த சார் வந்தப்போ அத்தைக்குப் பிரசவம். வேலை போயிடக் கூடாதுன்னு மூணு மாசம் அவங்க பேர் போட்ட கேட் பாஸைக் காட்டி நான்தான் குடோனுக்குப் போனேன். சார் என் பேரைக் கேட்கும்போது மேஸ்திரி பக்கத்தில் நின்னார், பாஸில் இருந்த பேரைச் சொல்லிட்டேன். அத்தைக்கு அதெல்லாம் மறந்துபோச்சு, தானே சொன்னதா சத்தியம் பண்றாங்க. அவங்களும் முழங்கை மோந்தவங்கதானே, பொய்யின்னும் சொல்ல முடியாது. நீ ஒண்ணையும் திருத்தாதே. அச்சில் இருக்கிறதை அப்படியேதான் எடுத்துப் போடணும்னு ஹிஸானாவும் சொல்லுது. அத்தை சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்.

தலைக்கு எண்ணெய் வை, பட்டினி கிடந்து படிக்காதே. எங்க ஆசீர்வாதம் எப்பவும் உனக்கு உண்டு, இசக்கியம்மன் கூடவே இருப்பா. ஒண்ணு மறந்துட்டேன், உன் ஆராய்ச்சிப் புத்தகத்துக்கு முன்னாடி நன்றி சொல்ற பக்கம்னு ஒண்ணு உண்டாம். அதுக்கு யாரும் ஆதாரம் கேட்க மாட்டாங்களாம். சும்மா சொன்னேன். எப்பவும் அம்மான்னு மட்டும்தான் போடுவேன், இந்தத் தடவை பேரும் போட்டிருக்கேன்.

உன் அம்மா
செல்வலட்சுமி