துண்டைக் கழற்றாமல் போன அண்ணனுக்கு

என் உசுருக்கு உசுரான அண்ணனுக்கு,

பழைய ஏரோட்ரோம் ஓடுபாதையில நேத்து மறுபடியும் கோ-கார்ட் பந்தயம் நடந்துச்சு. நீங்க போய் ஒரு வருசம் ஆகப்போகுதுல்ல, உங்க பேருலதான் நடத்துனாக. அம்மா வரமாட்டேன்னுட்டாக. நான் போனேன்.

பைப்பை வளைச்சு, பழைய ஸ்கூட்டர் எஞ்சினை மாட்டி, தரையோட தரையா ஒரு வண்டிய நீங்க ஓட்டிக் காட்டினப்ப காரைக்குடியே சிரிச்சுச்சு. நீங்க வச்ச சட்டத்தைப் பாத்து மட்டும் யாரும் சிரிக்கல. வேட்டியோட வண்டியில ஏறக்கூடாது, கழுத்துல துண்டு கூடாது. பின்னால சுத்துற சங்கிலி துணியக் கண்டா விடாதுன்னு நீங்க சொல்லிச் சொல்லியே எங்களுக்குக் காது புளிச்சுப்போச்சு. பள்ளத்தூர் மாமா மகன் வேட்டி கட்டி வந்தான்னு, சொந்தம்னுகூடப் பாக்காம திருப்பி அனுப்பினீக. மாமா ரொம்ப நாளைக்கு நம்ம வீட்டுப் பக்கமே வரல.

போன வருசப் பந்தயத்துல நீங்கதான் முன்னால போனீக. பின்னால தேவகோட்டை சேகர் வண்டி கவுந்ததும், நிறுத்திட்டு ஓடிப்போய் அவரைத் தூக்கினீக. மத்தவுக எல்லாரும் உங்களைத் தாண்டிப் போயிட்டாக. கடைசி ஆளா வந்து சேந்தீக. அன்னைக்கு எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது அண்ணே.

அதுவே வினையாப் போச்சு. "செயிச்சவனுக்குக் கோப்பை, இவனுக்கு என் மரியாதை"ன்னு கோப்பை குடுக்க வந்திருந்த மானகிரிப் பெரியவர் சரிகைத் துண்டை உங்க கழுத்துல போட்டாக. நீங்க இன்னும் வண்டியிலதான் இருந்தீக, எஞ்சினும் ஓடிக்கிட்டிருந்துச்சு. "ஒரு சுத்து போயிட்டு வாப்பா, எல்லாரும் பாக்கட்டும்"னாக. பெரியவுக போட்டதை அவுக கண்ணு முன்னாலயே எப்படிக் கழத்துறதுன்னு நெனைச்சீகளா? பாதிச் சுத்துகூட வரல. துண்டு நுனி சங்கிலிக்குள்ள போயிருச்சு. அதுக்கு மேல எழுத எனக்குக் கை வரல.

மாமா மகனையே திருப்பி அனுப்புன உங்களுக்கு, "வேணாங்கய்யா"ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையே! இன்னும் எனக்கு ஆத்திரம் ஆறல. உங்க மேலதான். வேற யார் மேல கோவப்பட?

நேத்து செயிச்சது சேகர். வண்டி எல்லைக் கோட்டுக்கு வந்ததுமே ஒரு பெரிய மனுசர் ரோசாப்பூ மாலையோட ஓடியாந்தாரு. எஞ்சின் நிக்கல. சேகரும் தலையைக் குனிஞ்சாரு. உங்க சாவைக் கண்ணால பாத்த மனுசன் அண்ணே, அவரே குனிஞ்சாரு.

நான் போய் மாலையை அவரு கையோட சேத்துப் பிடிச்சுக்கிட்டேன். "எஞ்சினை நிறுத்திட்டு இறங்கட்டும். பெறகு போடுங்க"ன்னேன். அவரு முகம் சுண்டிப்போச்சு. பொம்பளப்புள்ளைக்கு இம்புட்டு வாயான்னு அங்குட்டு ஒருத்தர் முணுமுணுத்தாரு. நான் விடல. கூட்டத்துக்குப் பின்னால இருந்து மானகிரிப் பெரியவர் எந்திரிச்சு, "அந்தப் பிள்ளை சொல்றதைக் கேளுங்கப்பா"ன்னாக. சேகர் எஞ்சினை நிறுத்திட்டு இறங்கினாரு.

இனி எந்தப் பந்தயம்னாலும் அந்தக் கோட்டுல நான் நிப்பேன் அண்ணே, இது சத்தியம். மரியாதை தெரியாத பொண்ணுன்னு பேரு வந்தா வந்துட்டுப் போகுது. அந்தக் கெட்ட பேரை அன்னைக்கு நீங்க எடுத்திருந்தா, இதை எழுதிக்கிட்டு இருக்காம உங்ககூடச் சண்டை போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்.

உங்க கூடப்பொறந்தவ,
வள்ளி