பழனி விளக்கு தெரியும் மேசை

கார்த்திகை, சனிக்கிழமை இரவு.

அப்பாவின் பார்வை இனி தேறாது என்று மதுரை டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். சொட்டுமருந்திலேயே சரியாகிவிடும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சமாவது தெரியும்போதே பார்க்கட்டும் என்று, இன்று கொடைக்கானலில் அந்தப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிச் சுவரோரம் மேசை. இருட்டினால் தூரத்தில் பழனிக் கோயில் விளக்குகள் தெரியும்.

இருட்டியபோது ஒரே பனிமூட்டம்.

"தெரியுதா தாயி?"

"அந்தா, நல்லா தெரியுதுப்பா."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து, வெறும் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டார். சூப் கொண்டுவந்த வெயிட்டர், "சாரி சார், இன்னிக்கு ஃபுல்லா மிஸ்ட். பழனி தெரியாதுங்க" என்றார்.

அப்பா உடனே கையை இறக்கவில்லை. பிறகு உட்கார்ந்து சூப்பை மிச்சமில்லாமல் குடித்தார்.

எங்கள் ஊர் பள்ளங்கிக்குத் திரும்பும்போது காரில் கேட்டார்: "டாக்டர் சொன்னதா சொன்னியே, அதுவும் இப்படித்தானா தாயி?"

"வளைவு வருது, பிடிச்சுக்கங்கப்பா" என்றேன்.

அந்த இடத்தில் வளைவே கிடையாது. அப்பா நாற்பது வருஷம் பூண்டு லோடு ஓட்டிய ரோடு அது.

இருந்தும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.