பெயரைச் சொன்னதும் அடித்த மணி

மே 6, புதன்

தலை ஓடவில்லை. வரிசைப்படுத்தினால்தான் யோசிக்க முடியும்.

1. நடந்தது.
2. காரணம்.
3. திருத்தம்.
4. ரோசாலியா இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள்.

முதலாவது: கோயில் மணிகளை இயக்கும் பைத்தான் நிரல் ஒரே நீளக் கோப்பாக இருந்தது. பங்குத்தந்தை கேட்டார் என்று நண்பகல் மணி, ஆலங்கட்டி மழையை விரட்டும் மணி, சாவுமணி என மூன்று பொதிகளாக, அதாவது தனித்தனிக் கோப்புறைகளாகப் பிரித்தேன். இன்று காலை, பொதி சரியாக வருகிறதா என்று பார்க்க, சாவுமணிப் பொதியை இம்போர்ட் செய்தேன், அதாவது பைத்தானுக்குள் ஏற்றினேன். அவ்வளவுதான். அதன் பெயரைத் தட்டியதற்கே கோபுரத்தில் மணி அடித்தது. நிறுத்தி நிறுத்தி மூன்று முறை. ஆணுக்கான மணி.

ஊரில் உயிருக்குப் போராடும் ஆண் ஒருவன்தான். நோவோ மெஸ்டோ மருத்துவமனையில் இருக்கும் லோய்ஸே. அவன் மனைவி ரோசாலியா உருளைக்கிழங்குப் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

மே 7

இரண்டாவது: ஒவ்வொரு பொதியிலும் இனிட் என்றொரு கோப்பு. பொதியை இம்போர்ட் செய்ததும் முதலில் அது ஓடும். சோதனைக்காக மணியடிக்கும் வரியை அதற்குள் எழுதியது நான். மறந்ததும் நான்.

மூன்றாவது: நான் கேட்டால் மட்டும் அடிக்கும்படி அந்த வரிக்கு ஒரு நிபந்தனை போட்டேன். மணி மோட்டாரை அணைத்துவிட்டு, நேற்றிலிருந்து மூடாத அதே பைத்தான் சாளரத்தில் மறுபடி இம்போர்ட் செய்தேன். திரையில் ‘அடி’ என்ற கட்டளை வரவில்லை. அப்பாடா.

மே 10, ஞாயிறு

மறுபடி அடித்தது. பூசை நடுவில்.

கோயில் பணியாள் ஸ்டாங்கோ கணினியை அணைத்து மறுபடி போட்டிருக்கிறான்; நிரல் புதிதாகத் தொடங்கியதும் மணி. வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“வாத்தியாரே, அடுத்து யாரை அனுப்பறதா உத்தேசம்? என் பேரு இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, பன்னியையாவது வித்துடறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ரோசாலியா சிரிக்கவில்லை.

“அவரு இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்காரு சார். உங்களுக்கு என்ன அவசரம்?”

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மே 11

இப்போதுதான் புரிகிறது. ஒருமுறை இம்போர்ட் செய்த பொதியைப் பைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. மறுபடி கேட்டால் இனிட் ஓடாது. வியாழக்கிழமை வராத கட்டளைக்கு அதுதான் காரணம், என் திருத்தம் அல்ல. என் நிபந்தனை முதலிலிருந்தே தப்பு. புதிதாகத் தொடங்கிப் பார்க்கவேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? நாற்பது வருஷம் பிள்ளைகளிடம் விடையைச் சரிபார் சரிபார் என்று கத்தினேனே — எதற்கு? யாரை ஏமாற்ற?



மே 12

இனிட் கோப்பைக் காலியாக்கிவிட்டேன். மணியடிப்பது இனி தனிச் செயற்கூறு. வேண்டுமென்று அழைத்தால் மட்டுமே ஓடும். ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்து மறுபடி போட்டு இம்போர்ட் செய்தேன். அமைதி. ஆனாலும் என் மேல் எனக்கு நம்பிக்கையில்லை.

மே 13

அமைதி.

மே 15

காலையில் கதவு தட்டும் சத்தம். ரோசாலியா, கறுப்பு முக்காட்டோடு.

“விடியறப்போ போயிட்டாரு. ஸ்டாங்கோ அடிக்கிறேன்னான், வேணாம்னுட்டேன். ரெண்டு தடவை பொய்யா அடிச்சது நீங்க. மெய்யா அடிக்கவேண்டியதும் நீங்கதான்.”

கோயில் அறைக்குப் போனோம். இம்போர்ட் செய்தேன். கோபுரம் சும்மா இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

“இனிமேதாம்மா” என்றேன்.

பிறகு மணியடிக்கும் செயற்கூறை அழைத்தேன். மூன்றாவது மணியோசை அடங்கும்வரை அவள் என் பக்கத்தில் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

முதல் நாள் வரிசையில் நான்காவதாக நான் எழுதியது தவறு.