எதிர்ப்பக்கத்துக்கு ஒரு லென்ஸ்

அன்பு அக்காவுக்கு,

உன் புத்தகப்பூச்சி எழுதுவது. நீயும் மாமாவும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் குழம்பிப் போயிருக்கிறேன்.

பள்ளி நூலகத்துக் கணினியிலிருந்து எழுதுகிறேன். கட்டுரைக்குக் குறிப்பெடுக்கிறேன் என்று நூலகர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் எழுதினால் அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள்.

நாங்கள் வருவதை அம்மா சொல்லியிருப்பாள். அப்பா அதைச் 'சுற்றுலா' என்றுதான் சொல்கிறார். அவர் போட்ட திட்டத்தில் உங்கள் ஊரின் அருங்காட்சியகம் இருக்கிறது, பாலம் இருக்கிறது, பூங்கா இருக்கிறது. உன் வீடு இல்லை. அம்மா கேட்டதற்கு, "நேரம் இருந்தா பாக்கலாம்" என்றாராம். நீ மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து உன்னைப் பற்றி அவர் வாயைத் திறந்தது இவ்வளவுதான். இதற்குச் சந்தோஷப்படுவதா, வேண்டாமா?

நீ விட்டுப்போன கேமராவைத்தான் கொண்டுவருகிறோம். அலமாரியிலிருந்து எடுத்தால், லென்ஸுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு லென்ஸ் புதிதாக வாங்கலாம், வழியில் கழற்றி மாட்டினால் தூசி புகும் என்றார். எது நல்லது என்று என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

படிக்கப் படிக்கத் தலை சுற்றியதுதான் மிச்சம். குட்டை லென்ஸ் ஒன்று. மங்கலான அறையிலும் முகம் பளிச்சென்று விழும். ஆனால் ஜூம் கிடையாது, நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். நீள லென்ஸ் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும். சின்ன அறைக்குள் அதை வைத்து அம்மாவின் மூக்கை மட்டும்தான் எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. எல்லாம் செய்யும், எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது.

சனிக்கிழமை மூவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் வாய் ஓயாதவர். குழந்தைகள் ஒரு இடத்தில் நிற்காது, அதற்குத் தகுந்த மாதிரிதான் லென்ஸ் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வீட்டில் சின்னக் குழந்தை உண்டா என்று கேட்டார். அம்மா "உண்டு" என்றாள். அதே நொடியில் அப்பா "இல்லை" என்றார். கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு வாங்க, அப்புறம் லென்ஸ் எடுத்துக்கலாம்" என்று சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அம்மா தோள்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

அப்பா நீள லென்ஸை நம் கேமராவில் மாட்டிக் கையில் எடுத்தார். நாள் முழுக்க அளவைக் கருவியில் கண்ணை வைத்து ரோடு அளக்கிறவர் அல்லவா, எடுத்ததுமே கை ஆடாமல் பிடித்தார். கடை வாசலில் நின்று தெருவுக்கு அந்தப் பக்கம் குடையை மடக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு, கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: "எதிர்ல பஸ் ஸ்டாப். எட்டு மீட்டர் ரோடு. அங்க நின்னா, வீட்டு வாசல்ல வர்றவங்க முகம் தெரியுமா?"

எந்த வீடு, எந்த பஸ் ஸ்டாப் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. குட்டி உன் வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் படத்தை அம்மாவுக்கு அனுப்பினாயே, அதன் ஓரத்தில் ஒரு பஸ் ஸ்டாப் தெரியும். அம்மா அதை அப்பாவிடம் காட்டவே இல்லை என்று சத்தியம் செய்கிறாள். பின்னே ரோட்டின் அகலம் வரைக்கும் எப்படித் தெரியும், சொல்.

கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியுமா? "எட்டு மீட்டருக்கு எதுக்கு சார் இவ்ளோ பெரிய லென்ஸ்? ரோட்டைத் தாண்டிட்டா முடிஞ்சுது" என்றார்.

அப்பா லென்ஸைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். மூடியைத் தேடி, துடைத்து, மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீயே சொல்லும்மா" என்றார்.

நான் நடுவில் உள்ளதைச் சொன்னேன். அதை வாங்கி வந்தாகிவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதில் முகம் தெரியும், உள்ளே வந்தால் அப்பா நம் ஐந்து பேரையும் ஒரே படத்தில் பிடிக்கலாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் செய்தது சரியா என்றே ஓடிக்கொண்டிருக்கிறது. குட்டை லென்ஸைச் சொல்லியிருந்தால் அவர் கிட்டே வந்தே தீர வேண்டும். ஆனால் அது மட்டும்தான் கையில் இருந்தால், உன் தெருவுக்கே வராமல் இருந்துவிடுவாரோ என்றும் பயமாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். உன் அறையில் வெளிச்சம் எப்படி? மாற்றவா, வேண்டாமா? நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. நாங்கள் உங்கள் ஊரில் இருக்கும் இரண்டு நாளும் குட்டியைக் கொஞ்ச நேரம் வாசலில் விளையாட விடு. நீயும் கூடவே நில். எதிரே பஸ் வந்தும் ஏறாமல் ஒருவர் கேமராவோடு நின்றால் உள்ளே போய்விடாதே, கூப்பிடவும் கூப்பிடாதே. கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். அவர் பக்கத்தில் நான் இருப்பேன். கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இங்கேருந்து ஒண்ணுமே தெரியலப்பா, கொஞ்சம் கிட்டப் போலாம்" என்று சொல்வேன்.

அது பொய்தான். நன்றாகவே தெரியும்.

குட்டிக்கு முத்தங்களுடன், வாசல் கதவைத் திறந்தே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளும்,
உன் தங்கை