ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்

வெண்டாக்குடி,
ஐப்பசி 27, வியாழன்.

அன்புள்ள அத்தானுக்கு மதிவதனி எழுதிக்கொண்டது. இங்கே நானும் பரிதியும் மாமாவும் நலம். உங்கள் முதுகுவலிக்குத் தைலம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். பெட்டியிலேயே வைத்திருக்காமல் தேய்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நாம் பேசும்போதெல்லாம் மாமா கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். தனியாகச் சொல்லலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை, வேலையில் இருக்கிறேன் என்றீர்கள். இன்னொரு தடவை, எதுவானாலும் அப்பாகிட்ட கேட்டுக்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். காகிதத்தைப் பாதியில் வைக்க முடியாது அல்லவா? உங்கள் அறையில் தங்கியிருக்கும் ஃபாஜில் அண்ணன் லீவு முடிந்து சனிக்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறார். நாளைக்கு அவரும் அவர் மனைவி சபிஹாவும் அதிராம்பட்டினத்திலிருந்து இங்கே வருகிறார்கள். அடுப்படியில் வைத்து சபிஹா கையில் இதைக் கொடுத்துவிடுவேன். என் புருஷனுக்கு நான் எழுதுகிற கடிதத்தை இப்படி ஒளித்து அனுப்ப வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

மழை விட்டு நான்கு நாளாகிறது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு கீழ்ப்பங்கில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. நல்லவேளை, சம்பாப் பயிர் தப்பிவிட்டது. மேலுரம் போட ஆள் சொல்லியிருக்கிறது. மாமாவுக்கு இருமல் விடவில்லை, ஆனால் வயலுக்குப் போகாமலும் இருப்பதில்லை. பரிதி கோழியைத் துரத்திக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்குமாக ஓடுகிறான். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவன் எப்போதோ மறந்துவிட்டான்.

எனக்குத்தான் மறக்கவில்லை. நம்மூர் நர்ஸ் நீலாம்பாள் மேல் மஸ்கட்டில் இருந்துகொண்டே ஆன்லைனில் மனுப் போட்டிருக்கிறீர்கள். தவறான உப்புக் கரைசலைக் கொடுத்து என் மகனின் உயிருக்கு ஆபத்து விளைவித்தார், அவரைப் பணிநீக்கம் செய்ய வேண்டும் என்று. அதை மாமா அச்செடுத்து வைத்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறார். அனுப்புவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? பிள்ளையைப் பெற்றவள் நான். அந்த இரண்டு நாளும் அவன் பக்கத்திலேயே இருந்தவள் நான். ஒருத்தியின் பிழைப்பைக் கெடுக்க உங்களுக்கு ஒரு விரலும் இரண்டு நிமிஷமும் போதுமாக இருந்ததா?

மாமா சொன்னது வேறு, நடந்தது வேறு. முதலிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

தீபாவளி கழிந்த வாரம் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து பரிதிக்குத் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. பத்து மணிக்குள் ஏழு தடவை. நீலாம்பாளுக்குப் போன் செய்தேன். மூன்று ஊர் பார்க்கிறவர், அடை மழையில் ஸ்கூட்டரில் அரை மணி நேரத்தில் வந்து நின்றார். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துக் குடிக்கிறானா என்று பார்த்தார். பயப்படாதீங்க மதி, ரொம்ப வத்திப்போகல, வீட்லயே பாத்துக்கலாம் என்றார். போன ஆவணியில் இவனுக்குச் சளி கட்டியபோதும் இவர்தானே வந்தார்? சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணினார். நிமோனியா இல்லை என்று சொல்லி, மாமா பட்டுக்கோட்டைக்குப் பேசி வைத்திருந்த காரைத் திருப்பி அனுப்ப வைத்தார். அதைச் சொன்னபோது நீங்கள் போனில் சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்கு என்னிடம் கொதித்து ஆறிய தண்ணீர் கேட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். அவர் பையில் எப்போதும் இருக்கிற ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை அளந்து, ஒரு பாக்கெட் உப்புச் சர்க்கரைப் பொடியை முழுசாகப் போட்டுக் கலக்கி, நம் எவர்சில்வர் ஜக்கில் ஊற்றினார். முதல் ஸ்பூனை அவரே கொடுத்தார். துத்தநாக மாத்திரையைத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கக் காட்டிக் கொடுத்தார். முதல் தடவை நர்ஸ்மார் கண் முன்னால் கலக்கி, அவர்கள் கண் முன்னால் கொடுக்க வேண்டும், அதுதான் அவர்கள் வேலைமுறை. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். மறுநாளைக்கு என்று இன்னொரு பாக்கெட்டும் கொடுத்துவிட்டுப் போனார். வந்ததும் போனதும் கொல்லைப்பக்கக் கதவு வழியாக. இவருக்கு முன்னால் இருந்த கும்பகோணத்து நர்ஸம்மாவுக்கு நம் வீட்டில் நாற்காலியும் டவரா செட்டில் காபியும் உண்டு. இவருக்கு ஒரு முக்காலி கூடப் போட்டதில்லை. மாமாவுக்கு இவர் நர்ஸம்மா இல்லை, நம் வயலில் நாற்பது வருஷம் வேலை பார்த்த வீரையன் மகள்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டவில்லை, மாமா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். வீரையன் மக கை வச்ச தண்ணியவா எம் பேரனுக்குக் குடுக்கப்போற, கொட்டு அத, பாக்கெட்தான் இன்னொண்ணு இருக்குல்ல, நீ கலந்து குடு என்றார்.

கொட்டியது நான்தான், அத்தான். ஒரு லிட்டரையும் கொல்லைச் சாக்கடையில் கொட்டி, ஜக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன். மாமா சொன்னார், செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது. நீலாம்பாள் முதல் ஸ்பூனைப் பிள்ளை வாயில் வைத்தபோதே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதை எழுதக் கை வரவில்லை. உங்களிடமாவது எழுதாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

அப்புறம் இரண்டாவது பாக்கெட்டை நான் கலந்தேன். அளவு பாட்டில் அவரோடு போய்விட்டது. இந்தச் சின்ன வயிறு எங்கே ஒரு லிட்டர் குடிக்கப்போகிறது என்று நினைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினேன். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் நிற்கும் என்று வேறு ஒரு நினைப்பு. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, அத்தான். கரைசலும் செறிவும் மூன்று வருஷம் படித்துப் பரீட்சை எழுதியவள். பிள்ளை தாகத்தில் குடித்தான். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது, தாகம் கூடக் கூட நான் அதையே கொடுத்தேன்.

மறுநாள் காலை நீலாம்பாள் யாரும் கூப்பிடாமல் வந்தார். இரண்டு நாள் கழித்து வந்தால் போதும், ஆனாலும் வந்தார். பிள்ளை அனலாகக் கொதித்துக்கொண்டு, தொட்டாலே வீறிட்டான். டம்ளரில் மிச்சம் இருந்ததை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். எவ்ளோ தண்ணி ஊத்துனீங்க மதி என்று கேட்டார். ஒரு டம்ளர் என்றேன். கவிழ்த்து வைத்திருந்த ஜக்கை ஒரு தரம் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உடனே 108-க்குப் போன் போட்டார். வண்டியிலேயே பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர் வரைக்கும் வந்தவர் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், உடம்பில் உப்பு ஏறியிருக்கிறது, யார் கலந்தது என்று சத்தம் போட்டார். நான் மரம் மாதிரி நின்றேன். நீலாம்பாள் சொன்னார், கலக்கும்போது அளவு மாறிப்போச்சு டாக்டர் என்று. அவ்வளவுதான் சொன்னார். யார் கலந்தது என்று சொல்லவில்லை. பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேர்ந்த மாமா காதில் அந்த ஒரு வார்த்தை விழுந்தது. அவளே ஒத்துக்கிட்டா என்று அவர் உங்களிடம் சொன்னது அதைத்தான். நீலாம்பாள் என்னைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையை வைத்தே அவர் தலையில் கல்லைப் போடுகிறீர்கள்.

வார்டில் மூன்றாம் நாள், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று அவரிடம் கேட்டேன். எல்லார் முன்னாடியும் உங்களச் சொல்லியிருந்தா, அடுத்த தடவ புள்ளைக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட வருவீங்களா என்றார்.

மாமாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஐந்து நாளும் அவர் வார்டு வாசலில் கட்டாந்தரையில் கிடந்தார். இட்லியைப் பிரித்து வைத்தால் அப்படியே இருக்கும். பேரன் மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன். தன் வாயிலிருந்து வந்த சொல்தான் அவனை அங்கே படுக்க வைத்தது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அதனால் பழியைப் போட ஒரு ஆளைத் தேடினார். பிழைத்து எழுந்த பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்தார். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி இரக்கம். உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் அதுவும் இல்லை. நீலாம்பாள் உங்களோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு வரிசையில் படித்தவர். அவருடைய சயின்ஸ் நோட்டை வாங்கிப் படித்துத்தான் பாஸ் பண்ணினேன் என்று கல்யாணமான புதிதில் நீங்களே சொன்னீர்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணீரை அளக்கத் தெரியாது என்று எப்படி நம்பினீர்கள்?

இந்தக் கூத்தில் ஊர் என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். அங்கன்வாடியில் கொடுத்த பாக்கெட்டுகளைப் பெண்கள் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்த உப்பக் குடுத்துதான மதி புள்ளைக்கு வலிப்பு வந்துச்சு என்று என் காதுபடவே பேசுகிறார்கள். தெற்குத் தெருவில் அரசப்பன் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, பயந்துகொண்டு தாய்ப்பால் தவிர எதையும் கொடுக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கண் உள்ளே போய், அழத் தெம்பில்லாமல் துவண்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டது. பிழைக்காமல் போயிருந்தால் அந்தப் பாவத்தை யார் மேல் மனுப் போட்டு இறக்குவீர்கள்?

வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரணை. பிள்ளையின் தாயார் என்று என்னையும் வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நான் சொல்ல வேண்டியதை மாமா ஏற்கெனவே யாரிடமோ எழுதி வாங்கி வைத்திருக்கிறார், கீழே கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நேற்று அதை என் முன்னால் நீட்டினார். மாட்டேன் என்றேன். இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருஷத்தில் நான் மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் கத்தவில்லை. உங்க ஊருக்கு பஸ் ஓடிக்கிட்டுதான் இருக்கு, பேரன் இங்க இருப்பான் என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டாவது வார்த்தை கேட்டதிலிருந்து பரிதியை இடுப்பை விட்டு இறக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையில் இருக்கும். நடுவில் மூன்று நாள் இருக்கிறது. மனுவை எந்தக் கையால் அனுப்பினீர்களோ அந்தக் கையாலேயே திரும்பப் பெறுங்கள். நான் கேள்விப்பட்டது பொய், கரைசலைக் கலந்தது என் மனைவி என்று நீங்களே எழுதுங்கள். என் பெயரைப் போட வெட்கப்படாதீர்கள், எனக்கு வெட்கமில்லை. மாமாவிடமும் நீங்கள்தான் பேச வேண்டும், நான் சொன்னால் அவருக்குக் காது கேட்காது. நீங்கள் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, புதன்கிழமை நான் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன். கொட்டியதையும் சொல்வேன், எதற்காகக் கொட்டினேன் என்பதையும் சொல்வேன்.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தெய்வம் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். புதன்கிழமை சாயங்காலம் நான் எந்த வீட்டிலிருந்து பேசுவேன் என்று எனக்கே தெரியாது. தெரியாத நம்பராக இருந்தாலும் எடுங்கள்.

உங்கள்,
மதிவதனி