சரிபார்த்தவர் என்ற கட்டம்

மாப்ள,

நேற்று மதியம் சமயநல்லூர் கல்யாண மண்டபத்தின் பழைய வரைபடக் கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். மேலே இன்னொரு மாடி எழுப்பப் போகிறார்களாம். படம் திரையில் விரிந்ததும் வலது மூலைப் பெட்டியில், சரிபார்த்தவர் என்ற கட்டத்தில், உன் இனிஷியல். நீ போய்ப் பத்து வருஷமாகிறது.

கட்டடப் படம் வரையும் கோச்சடை ஆபீசில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரு கட்டடத்துக்கு நாற்பது ஷீட் என்றால் நாற்பதிலும் வேலையின் பெயர், ஷீட் நம்பர், தேதி, வரைந்தவர், சரிபார்த்தவர் என்று கையால் அடித்து மாய்வோம். உனக்கு அது பொறுக்காது. "கம்ப்யூட்டர வாங்கி வச்சுக்கிட்டு கிளார்க் வேல பாக்குறோம்டா" என்று திட்டிக்கொண்டே ஒரு புரோகிராம் எழுதினாய். ஒரு தட்டுத் தட்டினால் எல்லா ஷீட்டிலும் கட்டங்கள் தானாக நிரம்பும். வாசல், படி, சாப்பாட்டு ஹால் என்று இடத்துக்கு ஒரு வியூ, அதாவது அந்த இடத்தை மட்டும் காட்டும் காட்சி, அதே பெயரில் பதிவாகும். பட்டியலில் பெயரைத் தொட்டால் திரை நேரே அங்கே போய் நிற்கும். அன்றைக்கு உன் அம்மாவுக்குப் போன் போட்டு சௌராஷ்டிர மொழியில் பீற்றிக்கொண்டாய். பேச்சு புரியாவிட்டாலும் பெருமை எனக்குப் புரிந்தது.

சரிபார்க்கிறவன் நீ. அந்தக் கட்டத்தை நிரப்பும் முன் புரோகிராம் 'பார்த்தாச்சா' என்று கேட்கும். 'ஒய்' எழுத்தைத் தட்டினால்தான் உன் இனிஷியல் விழும். "என்னக் கேக்காம ஒய் தட்டுன, வெரல ஒடிச்சிருவேன்" என்றாய்.

நான் தட்டினேன். நீ சாப்பிடப் போயிருந்தாய். மண்டபத்துக்காரர் படத்தை வாங்க வாசலில் நின்றுகொண்டிருந்தார். படிக்கு மேலே போகும் பீமை நான் ஓரடிக்கு மேல் இறக்கிப் போட்டிருந்தது எனக்கே தெரியாது. கான்கிரீட் போட்ட பிறகு படியேறிய மேஸ்திரி தலையை இடித்துக்கொண்டார். பீமை உடைக்க வேண்டியதாயிற்று.

முதலாளி படத்தை மேசையில் விரித்து, "இது யாரு இனிஷியல்?" என்று கத்தினார். நீ உன் சீட்டுக்குப் போய்க் கோப்பைத் திறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாய். பிறகு எழுந்து வந்து, "நாந்தான் சார் பாத்தேன். விட்டுப்போச்சு" என்றாய். நான் மவுசைப் பிடித்து அடுத்த ஷீட்டை வரைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கே உன்னை வேலையை விட்டு அனுப்பினார். "வாரேன் மாப்ள" என்று மட்டும் சொல்லிப் போனாய். மறு வருஷமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இத்தனை காலமும் ஒரே சமாதானத்தில் ஓட்டினேன். வாரத்துக்கு அம்புட்டு ஷீட் பார்க்கிறவன், இதையும் பார்த்ததாகத்தான் நினைத்திருப்பாய் என்று. நேற்று வியூப் பட்டியலைத் திறந்தால், கடைசியில் என் பெயர். தொட்டேன். திரை நேரே போய் அந்தப் பீமில் நின்றது. புரோகிராம் ஆள் பெயரையெல்லாம் வைக்காது. அன்றைக்கு உட்கார்ந்திருந்தாயே, அப்போது நீயே கையால் அடித்து வைத்தது. எல்லாம் தெரிந்தேதான் அவர் முன்னால் போய் நின்றிருக்கிறாய், பாவி.

பொறுக்கமாட்டாமல் முதலாளிக்குப் போன் போட்டேன். இப்போது அவனியாபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார்.

"சார், அந்த மண்டபத்துப் படி... தப்புப் பண்ணது நான் சார். அவன் இல்ல."

"எந்தப் படி தம்பி?"

உன் பெயரைச் சொன்னேன்.

"யாருப்பா அது?" என்றார்.

இனி இதைத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் மாப்ள. நீயாவது அன்றைக்கே என்னை நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.