ஜீப் விளக்கில் பார்த்த புத்தகம்

மச்சான்,

இன்று வேலையிடத்தில் பழைய ஹாலஜன் விளக்கு ஒன்றைச் சோதித்தேன். சூட்டில் தூசி கருகும் வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இறந்துபோன பிறகு உன்னை நினைத்து அழுகை வரும் என்றார்கள். எனக்குப் பெரும்பாலும் இதுதான் வருகிறது.

ஜீப் ஓட்டுகிறவர்கள் வண்டிக்குள் நடிகர் படம் ஒட்டுவார்கள். நீ செய்தித்தாளில் வந்த புத்தகச் செய்திகளை வெட்டி ஒட்டினாய். அந்தப் புத்தகங்களில் ஒன்றையும் படித்ததில்லை, ஆனால் ஆலங்காயத்திலிருந்து புதூர்நாடு வரை அவற்றைப் பற்றிப் பயணிகளோடு சண்டை. சீட்டுக்கு அடியிலோ பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய விசித்திரங்கள்: முள் இல்லாத திசைகாட்டி, குழாய் இல்லாத கிராமபோன். கடைசியில், முன்னால் லென்ஸ் வைத்த அந்தத் தகரப் பெட்டி. உள்ளே புத்தகத்தை வைத்து வெளிச்சம் போட்டால், பக்கம் சுவரில் பெரிதாகத் தெரியுமாம்.

"குப்பைடா இது," என்றேன்.

"டிப்ளமா படிச்சவன்தானே நீ? ஓட வையேன் பாப்போம்."

நம் மலையின் பழைய படங்கள் புத்தகமாக வந்திருப்பதாகச் செய்தி வந்ததும் ஒரு பிரதி வாங்கினாய். அதில் புளி உலுக்கும் கூட்டத்தில் நிற்பது சின்னப்பொண்ணு அக்காவின் அப்பா என்று ஊரார் அடையாளம் சொன்னார்கள். அக்கா கைக்குழந்தையாக இருந்தபோதே செத்துப்போனவர். வீட்டில் அவர் படம் கிடையாது. புத்தகத்திலும் முகம் புளியங்கொட்டை அளவுதான். அக்காவோ மறுநாள் எஸ்டேட் வேலைக்குக் கேரளா கிளம்புகிறாள்.

"போன்ல எடுத்து பெருசாக்கிக் காட்டு. வேலை முடிஞ்சுது," என்றேன்.

"போன்ல அவங்க மட்டும்தான் பாப்பாங்க. அவங்க நைனாவ ஊரே பாக்கணும்டா."

பகலிலேயே ஊரைக் கூட்டி, ஒரு கூடத்து ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடினோம். உன் ஜீப்பின் இரண்டு ஹெட்லைட் பல்புகளையும் கழற்றிப் பெட்டிக்குள் பொருத்தி, ஜீப் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தேன். சுவரில் படம் விழுந்தது. அடியிலிருந்த எழுத்தெல்லாம் இடம் வலமாகப் புரண்டிருந்தது. படத்தை நேராகத் திருப்பிக் கொடுக்கப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய கண்ணாடி எப்போதோ தொலைந்துபோயிருந்தது.

"இன்னாப்பா, வாணியம்பாடில வாங்குன உருது புத்தகமா?" என்று யாரோ கேட்க, கூடமே சிரித்தது. எனக்கு மண்டை சூடாகிவிட்டது. முகம் பார்க்கும் கண்ணாடி யார் வீட்டில் இருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தேன்.

நீ எழுத்தைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் சுவரருகே போனாள். அவளுடைய நிழலே அப்பாவின் முகத்தை மறைத்தது. பின்னால் வந்தாள். மறுபடி போனாள். மறுபடியும் நிழல்.

உடனே உன் வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்துக் கூடத்தின் நடுவில் கயிற்றில் கட்டினாய்.

"எல்லாரும் அந்தாண்ட போங்க. பெட்டி இந்தாண்டயே இருக்கட்டும்."

போனோம். துணியை ஊடுருவி வந்த படத்தில் எழுத்து நேராக இருந்தது! பின்னாலிருந்து பார்த்தால் இடவலம் ஏன் சரியாகிறது என்று நான் பரவசமாக விளக்கத் தொடங்கினேன். நீ என் வாயைப் பொத்தினாய்.

அக்கா துணியை ஒட்டி நின்றாள். இப்போது நிழல் விழவில்லை. அப்பாவின் தாடையைத் தொட்டாள்.

"எங்க நைனாவுக்கும் என்னாட்டமே கோணத் தாடை," என்றாள். ஊரே சிரித்தது. அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"எழுத்து நேராகும்னு எப்படிடா தெரிஞ்சுது?" என்று அப்புறம் கேட்டேன்.

"எழுத்தா? அது நேராச்சா?" என்றாய்.

இப்போது நான் எங்கே விளக்கு மாட்டினாலும், முதலில் எதிரே போய் நின்று கையை நீட்டிப் பார்க்கிறேன், நிழல் எங்கே விழுகிறது என்று. இதெல்லாம் எதற்கு என்று மேலாளர் எரிச்சல்படுகிறார். டெக்னிக்கல் காரணம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.